கறுப்புத் தேயிலை: ஊருக்கு ஊர் மாறும் சுவையைப் பிடிக்க ஒரு வழிகாட்டி

அஸ்ஸாம், டார்ஜிலிங், நீலகிரி, ஊவா, கீமுன், யுன்னான், கெரிச்சோ என்று தேயிலை உறைகளில் ஊர்ப் பெயர்கள் நிறைய. புதிதாகப் பழகுகிறவர் இவற்றில் ஒன்றை வாங்கி, ஒரு கோப்பை போட்டுக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனால் இதில் என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். தனியாக ஒரு கோப்பையைக் குடித்தால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பக்கத்தில் இன்னொரு கோப்பை இருந்தால் சட்டென்று தெரியும்.

ஆகவே இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு பழக்கம்: இரண்டு தேயிலைகளை ஒரே மாதிரி போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறி மாறிக் குடிப்பது. எந்த இரண்டு என்பதில்தான் சூட்சுமம். உயரம் மாறும் ஒரு ஜோடி, பருவம் மாறும் ஒரு ஜோடி, செடி மாறும் ஒரு ஜோடி, பதப்படுத்தும் முறை மாறும் ஒரு ஜோடி. இவற்றைக் குடித்துப் பார்த்தவருக்கு, பிறகு எந்த ஊர்த் தேயிலை கைக்கு வந்தாலும் அதை எதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று தெரிந்துவிடும். பால், சர்க்கரை எல்லாம் அப்புறம்.

கறுப்பு எப்படி வருகிறது

பச்சைத் தேயிலை, ஊலாங், கறுப்புத் தேயிலை எல்லாமே கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைதான். அந்தச் செடியில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. சீன வகையின் இலை சிறியது, குளிரைத் தாங்கும், மணம் நுட்பமாக இருக்கும். அஸ்ஸாம் வகையின் இலை பெரியது. வெப்பமும் மழையும் அதற்குப் பிடிக்கும். சாறு திடமாக இறங்கும். பல தோட்டங்களில் இருப்பவை இரண்டும் கலந்த கலப்பினங்கள்.

பறித்த கொழுந்தை முதலில் பல மணி நேரம் காற்றோட்டத்தில் பரப்பி வாட்டுவார்கள். ஈரம் குறைந்து இலை துவண்டதும் உருட்டுவார்கள். அப்போது இலையின் செல்கள் உடைந்து சாறு வெளியே வரும். அந்தச் சாறு காற்றுபட்டு நிறம் மாறுவதுதான் முக்கியமான கட்டம். இலையிலேயே இருக்கும் நொதிகள், ஆக்சிஜன் துணையோடு, இலையில் உள்ள கேட்டெச்சின் என்ற துவர்ப்புப் பொருள்களைத் தியாஃபிளேவின், தியாருபிகின் என்ற பொருள்களாக மாற்றுகின்றன. தியாஃபிளேவின் ஆரஞ்சு கலந்த பளபளப்பையும் சுறுசுறுப்பான துவர்ப்பையும் தரும். தியாருபிகின் செம்பழுப்பு நிறத்தையும் கனத்தையும் தரும். கடைசியில் சூடான காற்றில் உலர்த்தும்போது நொதிகள் செயலிழந்து, மாற்றம் அத்தோடு நின்றுவிடும். வாட்டுவதில் சில மணி நேரம் கூடினாலும் குறைந்தாலும் கோப்பையில் தெரியும். ஊரின் சுவை என்று நாம் சொல்வதில் பாதி மண்ணும் மழையும் என்றால், மீதிப் பாதி இந்தத் தொழிற்சாலை வேலைதான்.

என்னென்ன வேண்டும்

ஒரே அளவிலான இரண்டு வெள்ளைக் கோப்பைகள், மூடுவதற்கு இரண்டு சிறு தட்டுகள், ஒரு வடிகட்டி, நேரம் பார்க்க ஒரு கடிகாரம். இவ்வளவு போதும். வெள்ளை ஏன் என்றால் சாற்றின் நிறம் அதில்தான் சரியாகத் தெரியும். சிறிய எடை பார்க்கும் தராசு இருந்தால் ரொம்ப நல்லது. ஒரு தேக்கரண்டி பொடியும் ஒரு தேக்கரண்டி நீள இலையும் எடையில் சமம் இல்லை. கரண்டியால் அளந்தால் பொடி அதிகமாகவும் இலை குறைவாகவும் போய், ஒப்பீடே கெட்டுப்போகும்.

சங்கிலியில் தொங்கும் உருண்டை வடிகட்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை. இலை ஊறி விரிய இடம் வேண்டும். இறுக்கமான உருண்டைக்குள் அடைத்தால் நடுவில் உள்ள இலை நனைந்தே முடியாது. நேராகக் கோப்பையில் போட்டு, ஊறியதும் இன்னொரு கோப்பைக்கு வடிகட்டிவிடுவதுதான் எளிது.

போடும் முறை

150 மி.லி. தண்ணீருக்கு 2 முதல் 2.5 கிராம் தேயிலை. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதித்ததும் ஊற்றி, மூடி, நீள இலையாக இருந்தால் 4 நிமிடம், பொடியாக இருந்தால் 2 முதல் 3 நிமிடம். டார்ஜிலிங் முதல் பறிப்புக்கு மட்டும் விதிவிலக்கு; அதற்குக் கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு 85 முதல் 90 டிகிரியில் ஊற்றுங்கள். அடுப்பில் தேயிலையோடு சேர்த்துக் கொதிக்கவிடுவது இந்தப் பயிற்சிக்கு உதவாது. நுட்பமான மணமெல்லாம் ஆவியாகப் போய், துவர்ப்பு மட்டும் மிஞ்சும்.

ஒப்பிடும்போது அளவு, தண்ணீர், நேரம் மூன்றும் இரண்டு கோப்பைக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். தொழில்முறைச் சுவைஞர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேசத் தரமுறைகூட 1980ல் வந்தது: 100 மி.லி.க்கு 2 கிராம், 6 நிமிடம். அது ரசித்துக் குடிப்பதற்கான அளவு இல்லை. குறை இருந்தால் ஒளிந்துகொள்ள முடியாதபடி கடுமையாக இறக்கும் அளவு. வீட்டில் அவ்வளவு தேவையில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் போட்டால் நிறம் மங்கும். ஆறும்போது மேலே மெல்லிய ஏடு படியும். எல்லாத் தேயிலையும் ஒரே மாதிரி மந்தமாகிவிடும். குளோரின் வாசனை இருந்தால் மணம் போச்சு. நல்ல தேயிலை வாங்கியும் ஒன்றும் தெரியவில்லை என்றால், முதலில் தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

எதைக் கவனிப்பது

காய்ந்த இலையை முகருங்கள். ஊறி வடிகட்டிய பிறகு அந்த ஈர இலையை இன்னொரு முறை முகருங்கள். மணம் அதிகம் தெரிவது இங்கேதான். பிறகு சாற்றின் நிறம். அப்புறம் ஒரு வாய், கொஞ்சம் சத்தமாகவே உறிஞ்சிக் குடியுங்கள். காற்றோடு சேர்ந்து போகும்போது மணம் மூக்கின் பின்பக்கம் ஏறும். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் நாக்கு சுடுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. கொஞ்சம் ஆறிய பிறகுதான் தேயிலை பேசத் தொடங்கும்.

சுவையை வகைப்படுத்த நான்கு விஷயங்கள் போதும். முதலாவது துவர்ப்பு. இது நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் பிடித்து இழுத்து வறளவைப்பது. கசப்பு வேறு, அது நாக்கின் மேல் தங்கும் சுவை. புதியவர்கள் பலர் இரண்டையும் சேர்த்து "கடுப்பா இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. நல்ல கறுப்புத் தேயிலையில் துவர்ப்பு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். கசப்பு தூக்கலாக இருந்தால் பெரும்பாலும் அதிக நேரம் ஊறியிருக்கும். இரண்டாவது, அந்தத் துவர்ப்பு எப்படி வருகிறது என்பது. சட்டென்று வந்து, வாயைச் சுத்தமாக்கிவிட்டுப் போனால் அதைத் தேயிலைத் தொழிலில் பிரிஸ்க் என்பார்கள். ஒட்டிக்கொண்டு போகாமல் இருந்தால் அது முரடு. மூன்றாவது கனம்: தண்ணீர் மாதிரி இலேசாக ஓடுகிறதா, வாய் நிறைய நிற்கிறதா? நான்காவது மணம்: பூவா, பழமா, தேனா, வறுத்த தானியமா, மரமா, புகையா? இதில் சரி தவறு கிடையாது. உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

முதல் ஜோடி: அஸ்ஸாமும் நீலகிரியும்

முதல் ஒப்பீட்டிலேயே வித்தியாசம் பளிச்சென்று இருக்க வேண்டும். அதனால் ஒன்றை மட்டும் மாற்றாமல், உயரம், செடி இரண்டும் மாறும் ஜோடியிலிருந்து தொடங்குவோம்.

அஸ்ஸாம் தேயிலை பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கின் சமவெளியில் விளைவது. கடல் மட்டத்திலிருந்து அதிக உயரம் இல்லை. வெப்பம், ஈரம், கொட்டும் மழை. இங்கே தேயிலைச் செடி காடுகளில் தானாகவே வளர்ந்துவந்தது. அங்கே வாழும் சிங்போ பழங்குடி மக்களுக்கு அது பழக்கமான இலை. 1823ல் ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்லாந்து வணிகர் அவர்கள் மூலமாகத்தான் அதை அறிந்தார். 1839ல் அஸ்ஸாம் தேயிலை லண்டனில் ஏலத்துக்கு வந்தது. வாங்கும்போது நீள இலை, இரண்டாம் பறிப்பு என்று இருப்பதைத் தேடுங்கள். மே நடுவிலிருந்து ஜூன் வரை வரும் அந்தப் பறிப்பில்தான் பொன்னிறக் கொழுந்து முனைகள் நிறைய இருக்கும். அஸ்ஸாமுக்கே உரிய மால்ட் மணமும், அதாவது முளைகட்டி வறுத்த தானிய மாவின் மணமும், நன்றாக ஏறியிருக்கும். சாறு அடர்ந்த செம்பழுப்பு. வாயில் கனமாக நிற்கும்.

நீலகிரி அதற்கு எதிர்த்துருவம். தோட்டங்கள் சுமார் 1000 மீட்டரிலிருந்து 2000 மீட்டருக்கு மேல் வரை பரவியிருக்கின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைப்பதால் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கலாம். சாறு பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், மணத்தில் பூவும் பழமும், துவர்ப்பு மென்மையானது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவுக் குளிர் உறைபனிவரை இறங்கும்போது செடியின் வளர்ச்சி மந்தமாகிவிடும். அப்போது கிடைக்கும் இலையில் மணம் செறிந்திருக்கும். உறைபனித் தேயிலை என்று தனியாகவே விற்பார்கள், கிடைத்தால் விடாதீர்கள். நீலகிரிக்கு இன்னொரு குணம், ஆறினாலும் அவ்வளவாகக் கலங்காது. அதனால் ஐஸ் டீக்கு இதை விரும்பி வாங்குகிறார்கள். அஸ்ஸாமை ஆறவிட்டுப் பாருங்கள், பால் கலந்தது மாதிரி கலங்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிட வேண்டாம். கஃபீனும் தியாஃபிளேவினும் சேர்ந்து குளிரில் திரிவதால் வருவது அது. சாறு திடமானது என்பதற்கு அடையாளம். கொஞ்சம் வெந்நீர் சேர்த்தால் தெளிந்துவிடும்.

இரண்டாவது ஜோடி: ஒரே தீவு, வெவ்வேறு உயரம்

உயரம் மட்டும் என்ன செய்யும் என்று பார்க்க இலங்கையைவிட நல்ல இடம் இல்லை. 1867ல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் வணிக அளவில் தேயிலை பயிரிட்டார். சில ஆண்டுகளிலேயே இலைத் துரு நோய் அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்தது. காப்பி போன இடமெல்லாம் தேயிலை வந்தது. இன்றும் அங்கே தேயிலையை உயரத்தை வைத்தே பிரிக்கிறார்கள்: சுமார் 600 மீட்டர் வரை தாழ்நிலம், 600 முதல் 1200 வரை இடைநிலம், அதற்கு மேல் உயர்நிலம்.

ஒரு கோப்பையில் தெற்கே தாழ்நிலத்து ருகுணை, மறு கோப்பையில் 1800 மீட்டரைத் தாண்டிய நுவரெலியா. ருகுணை இலை கருகருவென்று இருக்கும். சாறு ஆழ்ந்த சிவப்பு. கனமும் இனிப்புச் சாயலும் சேர்ந்து வரும். நுவரெலியா வெளிர்ப் பொன்னிறம். சில நேரம் கறுப்புத் தேயிலையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு இலேசு. பூமணம், மெல்லிய கூர்மை. குளிரில் இலை மெதுவாக வளர்வதால் மணப்பொருள்கள் செறிகின்றன. கீழே வெப்பத்தில் இலை வேகமாக, பெரிதாக வளர்ந்து நிறமும் கனமும் கூடுகிறது. எது உயர்ந்தது என்ற கேள்வியே இங்கே வேண்டாம். உயர்நிலத் தேயிலைதான் சிறந்தது என்று ஒரு எண்ணம் பரவிக்கிடக்கிறது. ருகுணையைப் போல வாய் நிறைந்து நிற்பதை நுவரெலியாவிடம் எதிர்பார்க்க முடியாது.

இலங்கையில் இன்னும் ஒரு ஜோடி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. தீவின் நடுவே நிற்கும் மலைத்தொடர் இரண்டு பருவக்காற்றுகளையும் பிரிக்கிறது. தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே ஊவாவுக்கு வறண்ட காற்றாக இறங்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்த வறட்சியில் செடி தவிக்கும்போது ஊவா தேயிலைக்கு விசித்திரமான ஒரு மணம் ஏறுகிறது. வலிக்குத் தடவும் தைலத்தில் வருமே, அந்தக் குளிர்ந்த காரமான மணம். தைலத்தில் உள்ள மீத்தைல் சாலிசிலேட் என்ற அதே பொருள்தான் இதிலும். வடகிழக்குக் காற்று வரும்போது கதை தலைகீழ். கிழக்கே மழை, மேற்கே திம்புலவில் வறண்ட குளிர். ஜனவரி முதல் மார்ச் வரை திம்புலவின் நல்ல காலம். தெளிவான, சுறுசுறுப்பான, நாக்கைத் துடைத்துவிட்டுப் போகும் டீ. ஊவாவை முதன்முதலாகக் குடிப்பவர்களில் சிலருக்கு அந்தத் தைல மணம் பிடிக்காது. உறையில் ஏதோ கலந்துவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அதுதான் அதன் பெருமையே.

மூன்றாவது ஜோடி: டார்ஜிலிங்கின் இரண்டு பருவங்கள்

இங்கே ஊர் ஒன்று. செடியும் பெரும்பாலும் ஒன்று, சீன வகை. பறிக்கும் மாதம்தான் மாறுகிறது.

குளிர்கால ஓய்வு முடிந்து பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ துளிர்க்கும் முதல் கொழுந்தைப் பறித்தால் அது ஃபர்ஸ்ட் ஃபிளஷ், அதாவது முதல் பறிப்பு. அதை நன்றாக வாட்டி ஈரத்தை வெகுவாகக் குறைத்துவிடுவதால், உருட்டிய பிறகு நொதிகள் முழு வேலை செய்வதில்லை. உறையைத் திறந்தால் இலையில் பச்சை கலந்திருக்கும். கறுப்புத் தேயிலை என்ற பெயரில் விற்றாலும் கண்டிப்பாகப் பார்த்தால் இது பாதி வழியில் நிற்பதுதான். சாறு வெளிர்ப் பொன்; பச்சை வாசனை, பூமணம், கூரிய துவர்ப்பு.

மே, ஜூனில் வருவது செகண்ட் ஃபிளஷ், இரண்டாம் பறிப்பு. இதில்தான் டார்ஜிலிங்கின் பெயர்பெற்ற மஸ்கடெல் மணம், பழுத்த மஸ்கட் திராட்சையின் மணம். அதற்குப் பின்னால் ஒரு பூச்சி இருக்கிறது. தத்துப்பூச்சி என்ற சிறிய பச்சைப் பூச்சி இலையின் சாற்றை உறிஞ்சும்போது செடி தற்காப்புக்காகச் சில மணப்பொருள்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. கடிபட்ட இலையைச் சரியாகப் பதப்படுத்தினால் அவை கோப்பைவரை வந்துசேரும். தைவானில் சில ஊலாங் தேயிலைகளும் இதே வழியில்தான் தேன்மணம் பெறுகின்றன.

இரண்டையும் 90 டிகிரி தண்ணீரில், 3 நிமிடம், பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். முன்கூட்டியே சொல்லாமல் ஒருவரிடம் கொடுத்தால் இரண்டும் ஒரே ஊர் என்று நம்பமாட்டார். மழைக்காலத்துப் பறிப்பு மந்தமானது, கலவைகளுக்குப் போகும். அக்டோபர், நவம்பரில் இலையுதிர் பறிப்பு வரும். செம்பு நிறம், உருண்டையான சுவை, விலையும் இறங்கியிருக்கும். புதியவருக்கு நான் முதலில் அதைத்தான் சொல்வேன்.

டார்ஜிலிங் வாங்கும்போது கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 2004ல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது. இந்தியாவில் அந்தப் பதிவைப் பெற்ற முதல் பொருளும் அதுதான். குறிப்பிட்ட 87 தோட்டங்களில் விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் செல்லும். பக்கவாட்டில் பார்க்கும் ஒரு பெண் கையில் இலையும் கொழுந்தும் பிடித்திருக்கும் இலச்சினை உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தின் பெயரும் பறித்த ஆண்டும் இருந்தால் இன்னும் நல்லது. எல்லைக்கு அப்பால் நேபாளத்து இலாம் தேயிலையும் இதே சாயல் கொண்டது. டார்ஜிலிங் என்று போலியாக விற்காமல் இலாம் என்றே விற்றால், தாராளமாக வாங்கலாம்.

நான்காவது ஜோடி: சீனத்தின் இரண்டு முகங்கள்

செடி வகை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆன்ஹுய் மாநிலத்தின் கீமுனையும், தென்மேற்கு மூலையான யுன்னானின் தியன்ஹோங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீமுன் சிறிய இலை. 1875 வாக்கில்தான் அந்த வட்டாரத்தில் கறுப்புத் தேயிலை செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முன் அங்கே பச்சைத் தேயிலை. மெல்லிய, இறுக்கமாகச் சுருண்ட கறுப்பு இழைகள். சாற்றில் கோகோ, உலர்ந்த பழம், பூ, பின்னணியில் புகை போல ஏதோ ஒன்று. துவர்ப்பு மிகக் குறைவு. சர்க்கரை இல்லாமல் குடிக்க முடியாது என்று நினைப்பவருக்கு இதை ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம்.

யுன்னானில் வளர்வது பெரிய இலை, அஸ்ஸாமின் உறவுக்காரன். 1930களின் இறுதியில், கிழக்குச் சீனத்தின் தேயிலைப் பகுதிகள் போரில் சிக்கிய நேரத்தில், இங்கே கறுப்புத் தேயிலை செய்யத் தொடங்கினார்கள். தடித்த பொன்னிறக் கொழுந்துகள், தேன், மால்ட், கடைசியில் மிளகின் ஒரு கீற்று. அஸ்ஸாமின் பக்கத்தில் வைத்துக் குடித்தால் உறவும் தெரியும், வேறுபாடும் தெரியும். கனம் ஒன்று, ஆனால் யுன்னான் வாயைப் பிடித்து இழுக்காது.

சீனத்தை விட்டு வெளியேறும் முன் லாப்சாங் சூச்சோங். ஃபூச்சியன் மாநிலத்தின் வூயி மலையில் தோங்மு கிராமத்தில் பிறந்தது. கறுப்புத் தேயிலைகளிலேயே மூத்ததாகக் கருதப்படுவது. பைன் விறகுப் புகையில் வாட்டி உலர்த்துவதால் உறையைத் திறந்த மாத்திரத்தில் அறை முழுக்கப் புகை வாசனை. பிடித்தால் ரொம்பப் பிடிக்கும், இல்லையென்றால் மறு வாய் குடிக்க முடியாது. நடுவில் நிற்பவர்கள் அரிது. சிறிய அளவில் வாங்குங்கள், மற்றத் தேயிலைகளிடமிருந்து தள்ளி வையுங்கள்.

ஐந்தாவது ஜோடி: இலையும் பொடியும்

அஸ்ஸாமுக்கே திரும்புவோம். ஒரு கோப்பையில் நீள இலை, மறு கோப்பையில் சி.டி.சி. ஊர் ஒன்று; முறை மட்டும் வேறு. உருட்டி எடுக்கும் பழைய முறை ஆர்த்தடாக்ஸ். சி.டி.சி. 1930களில் அஸ்ஸாமில் உருவானது: பல் வைத்த உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று, இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் சிறு மணிகளாக்கிவிடும். செல்கள் அத்தனையும் உடைவதால் நிறமும் கடுமையும் சீக்கிரம் இறங்கும். நுட்பமான மணம் அதில் கரைந்துபோகும். 2 நிமிடத்தில் சி.டி.சி. கோப்பை கருஞ்சிவப்பாக நிற்கும்போது இலைக் கோப்பை இன்னும் விழித்தே இருக்காது.

சி.டி.சி. மட்டம் என்று ஒதுக்குவது தேயிலைப் பிரியர்களிடம் உள்ள ஒரு வீண் பெருமை. பால் ஊற்றியபிறகும் தேயிலையின் சுவை தெரிய வேண்டும் என்றால் இதுதான் வேண்டும். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும். மென்மையான டார்ஜிலிங்கில் பால் ஊற்றினால் மிஞ்சுவது வெதுவெதுப்பான பால்தான். அஸ்ஸாம் சி.டி.சி. தாங்கும். கென்யாவும் தாங்கும்.

கென்யாவில் 1903ல் லிமுருவில் முதல் செடிகள் நடப்பட்டன. இன்று கறுப்புத் தேயிலை ஏற்றுமதியில் முன்னணி நாடு அது, பெரும்பகுதி சி.டி.சி. பூமத்திய ரேகையை ஒட்டிய உயர்ந்த மலைகள், எரிமலைச் செம்மண், ஆண்டு முழுவதும் பறிப்பு. கெரிச்சோ, நந்தி மலைப் பகுதிகளின் சாறு செம்பு நிறத்தில் மின்னும். அஸ்ஸாமைவிடக் கூர்மை அதிகம், மால்ட் குறைவு. பால் இல்லாமல் குடிப்பதானால் 2 நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள்.

இந்த ஜோடிகளில் அடங்காத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். துருக்கியில் கருங்கடல் ஓரத்து ரிசே பகுதியில் தேயிலைச் செடி மேல் பனி விழும். சாறு ஆழ்ந்த சிவப்பு, மிதமான துவர்ப்பு. தைவானில் சன் மூன் ஏரிப் பக்கம் ரூபி 18 என்று ஒரு ரகம் 1999ல் வெளிவந்தது. பர்மாவின் பெரிய இலைச் செடியையும் தைவானின் காட்டுச் செடியையும் இணைத்தது. இலவங்கப்பட்டையும் புதினாவும் சேர்ந்த மணம், எதுவும் கலக்காமலே.

உறையைப் படிக்கும் விதம்

முதலில் பார்க்க வேண்டியது கலவையா, ஒரே ஊரா என்பது. இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட் என்பது ஊர்ப் பெயர் இல்லை. அஸ்ஸாம், இலங்கை, கென்யா என்று பலவற்றைச் சேர்த்த கலவை. ஏர்ல் கிரே என்றால் பெர்கமோட் என்ற எலுமிச்சை இனத்துப் பழத்தோலின் எண்ணெய் சேர்த்தது. இரண்டும் நல்ல டீதான், ஆனால் ஊர்ச்சுவை பழக உதவாது.

அடுத்து எழுத்துகள். ஓ.பி. என்றால் முழு இலை, பி.ஓ.பி. என்றால் உடைந்த இலை, ஃபேனிங்ஸ் அதற்கும் சிறியது, டஸ்ட் பொடி. எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி. என்று நீண்டுகொண்டே போனால் கொழுந்து முனைகள் அதிகம் என்று பொருள். இவை இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்பவை; சுவைக்கு உத்தரவாதம் இல்லை. ஒரே தோட்டத்தின் இரண்டு உறைகளை ஒப்பிடப் பயன்படும், அஸ்ஸாமையும் ஊவாவையும் ஒப்பிடப் பயன்படாது. எழுத்துகளைவிட ஊர், தோட்டம், பறித்த மாதம், ஆண்டு இவைதான் எனக்கு முக்கியம். மாதமே போடாமல் வெறும் அடைமொழிகள் மட்டும் நிறைந்த உறையை நான் திரும்ப வைத்துவிடுவேன்.

முதல்முறை வாங்குகிறவர் எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். அஸ்ஸாம் இரண்டாம் பறிப்பு, நீலகிரி, இவை இரண்டு மட்டும், 50 கிராம் வீதம். 2 கிராம் கணக்கில் ஒவ்வொன்றிலும் 25 கோப்பை வரும். அவை சலித்த பிறகு அடுத்த ஜோடி.

வைத்துக்கொள்வது

வெளிச்சம், ஈரம், காற்று, வாசனை நான்கும் தேயிலைக்கு ஆகாது. கண்ணாடி ஜாடி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெளிச்சம் புகும். இறுக்கமாக மூடும் தகர டப்பா போதும். காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் மசாலாப் பொருள்களோடு ஒரே அலமாரியில் வைக்க வேண்டாம். குளிர்பதனப் பெட்டியும் வேண்டாம்; வெளியே எடுக்கும்போதெல்லாம் உள்ளே ஈரம் படியும். அஸ்ஸாம், கீமுன், யுன்னான் எல்லாம் ஒழுங்காக மூடி வைத்தால் ஒன்றிரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃபிளஷ்ஷின் பச்சை மணம் சீக்கிரம் மங்கும். அதை மட்டும் சேமித்து வைக்காமல், வாங்கிய சில மாதங்களுக்குள் குடித்துவிடுங்கள்.